விளக்குக் கம்பத்துக்கு ஓர் இமைப்பு

இளங்கோ, ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் கிளம்பிப் போன பிறகு நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாளாக நீ என்னிடம் சாப்பாடு, சாவி இவற்றைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நாளைக் காலையில் சேலத்துக்குப் புது வேலைக்குக் கிளம்புகிறாய், அதுவும் உன் மோட்டார் சைக்கிளிலேயே. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதி, உன் மழைக்கோட்டுப் பையில் வைக்கிறேன். வழியில் முதல் டீக்கடையில் நிழலாக உட்கார்ந்து படி. வண்டியை ஓரம் கட்டி வெயிலில் நின்று படிக்க வேண்டிய அவசரம் இதில் ஒன்றும் இல்லை.

நடந்தது என்னவென்று முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்படித்தான் எழுத வரும். பெண்ணின் சித்தப்பா உன் கண்ணை இரண்டு தடவை பார்த்தார். காலையில்தான் நீ விழுப்புரத்திலிருந்து வண்டியில் வந்திருந்தாய். கண் இரண்டும் சிவந்து, ஓரத்தில் நீர் கட்டி நின்றது. அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, உன்னைக் கேட்காமல் என்னைக் கேட்டார். "தம்பிக்கு சிநேகிதங்களோட வெளிய போற பழக்கம் ஏதாவது உண்டுங்களா? தப்பா நெனச்சிக்காதீங்க." அவர் என்ன கேட்கிறார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. நான் சொன்ன பதில், "அவன் இங்கதான இருக்கான், அவனையே கேளுங்க." உன் முகம் மாறியதைப் பார்த்தேன். "அதெல்லாம் இல்லைங்க" என்று மட்டும் சொன்னாய். அவர்கள் போன பிறகு, "ஏம்மா வாயத் தொறக்கல? கண் வறட்சின்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல?" என்றாய்.

ஒரு வார்த்தை என்ன, எனக்கு ஒரு பக்கமே தெரியும். வண்டி ஓட்டுகிறவர்களின் கண்ணைப் பற்றி நான் தெரிந்துகொள்ளத் தொடங்கியது எட்டாம் வகுப்பில். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது, டாக்டரோ வறட்சி என்கிறார், இதென்ன வேடிக்கை என்று நீ போன மாதம் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, நீ கவனித்தாயோ என்னவோ. காற்று பட்டுக் கண் காய்ந்து உறுத்தும்போது, அதைச் சமாளிக்க உடம்பு அவசரமாகத் தண்ணீரை அனுப்புகிறது. வெடித்துக் கிடக்கும் செம்மண் தரையில் குடத்தோடு கவிழ்த்தால் தண்ணீர் மேலாக ஓடிவிடுமே தவிர மண் நனையாது. அதைப் போல அந்த நீர் கன்னத்தில் வழிந்துவிடும், கண் காய்ந்தபடியே இருக்கும். இந்த ஒரு விஷயம் எனக்கு அப்போது தெரியாமல் போனதால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

உன் தாத்தா மோட்டார் சைக்கிள் ஓட்டினார் என்பதே உனக்குத் தெரியாது. நீ பார்த்தது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த மனிதரை. காடாம்புலியூரில் பிறருடைய முந்திரிக் கொல்லையில் கூலிக்குக் கொட்டை பொறுக்கிய குடும்பம் எங்களுடையது. நெய்வேலியில் பூமியை வெட்டத் தொடங்கியபோது அப்பா மண் சுமக்க வந்தார். நானும் அம்மாவும் பின்னால் வந்தோம். டவுன்ஷிப்பின் ஓரத்தில், கான்ட்ராக்ட் ஆட்களுக்காகப் போட்டிருந்த தகரக் கொட்டகை வரிசையில் ஓர் அறை. ஒருநாள் மேஸ்திரி வந்து, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் யார் என்று கேட்டிருக்கிறார். மண்கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்பா கையைத் தூக்கியிருக்கிறார். அதுவரை அவர் ஓட்டியது வாடகைச் சைக்கிள் மட்டும்தான். ஒரு லாரி டிரைவரின் கையைக் காலைப் பிடித்து, ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஆறு நாளில் கற்றுக்கொண்டு, ஏழாம் நாள் வேலையில் சேர்ந்துவிட்டார்.

வேலை இதுதான்: மைன்ஸில் வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியின் மாதிரியைத் தகர டப்பாக்களில் அடைத்துக் கொடுப்பார்கள். அதை லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். லேபில் எழுதித் தரும் தாளை ஆபீசுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு ஷிப்டில் எட்டு நடை, பத்து நடை. வண்டி கம்பெனியுடையது. முதல் ஷிப்டு விடியலிலேயே தொடங்கிவிடும் என்பதால் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவர அனுமதி இருந்தது. எங்கள் வரிசையில் மோட்டார் சைக்கிள் நின்ற ஒரே வாசல் எங்களுடையது. கான்ட்ராக்டில் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டால், ஆபீசர் நல்லவிதமாக எழுதினால், பர்மனன்ட். பர்மனன்ட் என்றால் குவார்ட்டர்ஸ், எனக்குப் பள்ளிக்கூடம் தொடரும். ஆகாவிட்டால் மறுபடி காடாம்புலியூர், முந்திரிக் கொல்லை, என் படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்கும். இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. ஓர் அறைக் கொட்டகையில் எல்லோர் பேச்சும் எல்லோர் காதிலும் விழும்.

இரண்டாவது வருஷம் அப்பாவின் கண் சிவக்கத் தொடங்கியது. முதலில் சாயங்காலத்தில் மட்டும், பிறகு காலையிலிருந்தே. வண்டியை நிறுத்தி இறங்கும்போது கன்னம் இரண்டும் நனைந்திருக்கும், அதில் கரித்தூள் ஒட்டிக் கறுப்பாக இரண்டு கோடு இறங்கும். அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டினார். பூ இருக்கிற வரைக்கும் குளிர்ச்சி. அடுத்த கொட்டகையில் வெல்டர் அந்தோணி மாமா குடியிருந்தார். அவர் மனைவி கைக்குழந்தைக்காரி. அந்த அக்கா ஒரு பாலாடைச் சங்கில் தாய்ப்பால் கொண்டுவந்து, "கண்ணுக்கு இதவிட மருந்து இல்லக்கா, ரெண்டு சொட்டு உடுங்க" என்று அம்மாவிடம் நீட்டினார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் அந்தோணி மாமா அவரை மடக்கி, "ஏண்ணே, எம் புள்ளைக்குப் பங்கு கொறையுமேன்னு நானே கவலப்படல, ஒனக்கு என்னா?" என்றார். "போடா. நான் என்னா தொட்டிலுலயா கெடக்குறேன்" என்று அப்பா சொன்னது உள்ளே கேட்டது. அம்மாவும் அந்த அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் புத்தகத்தில் மட்டும்தான் நம்பிக்கை. பள்ளிக்கூட நூலகத்தில் அப்போது ஒரு பீரோ அளவு புத்தகங்கள் இருந்தன, அவற்றில் பாதியை நான் படித்திருந்தேன். வீட்டு வைத்தியம் பற்றிய ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தில், கண்ணில் நீர் மிகுதியாக வடிந்தால் படிகாரம் கரைத்த நீரால் கழுவ வேண்டும் என்று இருந்தது. அப்பாவுக்குக் கண்ணில் நீர் வடிகிறது, ஆகவே நீர் மிகுதி, ஆகவே படிகாரம். கணக்கு சரியாக வந்துவிட்டதாக எனக்குப் பெருமை. அளவு எழுதியிருந்த இடத்தில் பக்கம் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தை என் யோசனையால் நிரப்பிக்கொண்டேன். எலுமிச்சம்பழ அளவு படிகாரத்தை ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து, மறுநாள் அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் அவர் கண்ணைக் கழுவிவிட்டேன். எரிகிறது என்றார். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பொருள் என்றேன். "பாப்பா படிச்சிட்டுத்தான் சொல்லும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். படிகாரம் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. நீ கேட்காமல் நான் உனக்குச் சொல்லும் அறிவுரை இந்தக் கடிதத்தில் அதிகம் இல்லை, ஆனால் இது ஒன்று: டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தைத் தவிர வேறு எதையும் கண்ணில் விடாதே, யார் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தாலும்.

அன்று மைன்ஸ் ஆபீஸ் வராந்தாவில் தாளை நீட்டிய அப்பாவின் கண்ணை ஆபீசர் பார்த்தார். மிளகாய்ப்பழம் மாதிரி இருந்ததாம். அந்தோணி மாமாவும் அன்று ஏதோ வேலையாக அங்கே நின்றிருந்தார். அது மதுவிலக்கு இருந்த காலம். குடித்தவன் என்று பெயர் வந்தால் வேலையும் போகும், போலீசும் வரும். ஆனாலும் மறைவாகக் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள், குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆபீசர் எழுந்து வந்து, "கோவிந்தன், ஊது" என்றார். எல்லோர் முன்னாலும் அப்பா ஊதினார். வாடை இல்லை. "நேத்துக் குடிச்சா இன்னிக்கு வாடை வராது. கண்ணுதான் சொல்லும். என்னய்யா இது?" "தூசுங்க." "தூசு உனக்கு மட்டுமா வருது? இங்க இருக்கிற இவனுங்களுக்கெல்லாம் கண்ணு வெள்ளையா இருக்கே." அப்பா கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் படிகாரம் போட்டுக் கழுவினாள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. பர்மனன்ட் தாளை இப்போதைக்கு மேலே அனுப்ப வேண்டாம், பத்துப் பதினைந்து நாள் பார்க்கலாம் என்று ஆபீசர் குமாஸ்தாவிடம் சொன்னார்.

அந்தோணி மாமா இதை வந்து சொன்னபோது, ஆபீசர் மாதிரியே இடுப்பில் கை வைத்து "ஊது" என்று நடித்துக் காட்டினார். சிரிக்க வைக்கத்தான் செய்தார், யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே ஒரு காரியம் செய்தார். வெல்டர்கள் போடும் கண்ணாடியில் கறுப்புச் சில்லைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சில்லை வெட்டிப் பொருத்தி, முகத்தோடு ஒட்டி நிற்க ஓரத்தில் ரப்பர் வைத்துக் கொண்டுவந்தார். "போட்டுக்கினு ஓட்டுண்ணே. காத்து உள்ள வராது." அது நல்ல கண்ணாடி. இன்று நீ கடையில் வாங்கினாலும் அதைத்தான் வாங்க வேண்டும், பக்கவாட்டில் காற்று புகாமல் முகத்தை அணைத்துக்கொள்ளும் கண்ணாடி. உன்னுடைய கறுப்புக் கண்ணாடி அழகுக்கு மட்டும்தான் ஆகும். தலைக்கவசத்தின் முன் சில்லைப் புழுக்கமாக இருக்கிறது என்று மேலே தூக்கிவிட்டுக்கொண்டு நீ போவதை மாடியிலிருந்து நான் பார்க்கிறேன்.

அப்பா அந்தக் கண்ணாடியை ஒரே ஒரு நாள்தான் போட்டார். லேபில் ஒருவன், "என்னா கோவிந்தா, ஏரோப்ளேனு எப்ப எறங்குச்சி?" என்றானாம். அதைப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஆபீசர், "கண்ணை மறைக்க ஏற்பாடா? கழட்டு, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் வந்து கண்ணாடியை ஆணியில் மாட்டியவர் பிறகு அதைத் தொடவில்லை. கொஞ்ச நாள் கழித்து அம்மா அதை எடுத்து, கரியடுப்பு ஊதும்போது போட்டுக்கொள்ளத் தொடங்கினார். பதினைந்து வருஷம் எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் கண்ணாடியோடுதான் பற்றவைக்கப்பட்டது.

தப்பு என்னுடையது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தப்பைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி கவனிப்பது, குறித்துவைப்பது. பள்ளிக்கூடம் அப்பா போகும் வழியில்தான் இருந்தது. கம்பெனி வண்டியில் வீட்டு ஆளை ஏற்றக் கூடாது என்றாலும், சில நாள் காலையில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பள்ளிக்கூட முனை வரைக்கும் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோவார். கைப்பிடியில் உருண்டையாக ஒரு கண்ணாடி உண்டு. சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தால் அதில் அவர் கண் தெரியும். நான் அந்தக் கண்ணையே பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து பள்ளிக்கூட முனை வரைக்கும் அது ஒரு தடவைகூட மூடவில்லை. மறுநாளும் பார்த்தேன். மூன்றாம் நாளும் பார்த்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று நாளுக்கும் தேதி போட்டு, நேராக "இமைப்பு: இல்லை" என்று எழுதினேன். பிறகு நானே முகம் பார்க்கும் கண்ணாடி முன் உட்கார்ந்து, இமைக்காமல் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் உறுத்தியது, எரிந்தது, பிறகு தண்ணீர் கொட்டியது. எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு இருக்கவில்லை.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அப்பா, வண்டி ஓட்டும்போது நீங்க கண்ண இமைக்கவே மாட்டேங்கிறீங்க. அதான் காஞ்சிபோவுது." அவர் டப்பா கட்டும் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். "இமைச்சா ரோடு தெரியாதே பாப்பா." "ஒரு நொடிதானப்பா." "அந்த ஒரு நொடியில மாடு குறுக்க வந்தா?" நான் யோசித்து வைத்திருந்த வழியைச் சொன்னேன். டவுன்ஷிப் ரோடுகளில் விளக்குக் கம்பங்கள் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. ஒரு கம்பம் தாண்டும்போது ஒரு தடவை இமைத்தால் போதும், நினைவு வைத்துக்கொள்ளவும் எளிது. அவர் நெடுநேரம் சிரித்தார். "கம்பத்தப் பாத்துக்கினு போனா கம்பத்துலயேதான் போய் உடுவேன்" என்றார்.

அவர் வெளியே போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அவருக்கு அந்த வண்டின்னாலே பயம். ஆறு நாளுல கத்துக்கினது. இன்னிவரைக்கும் ஏறும்போது உள்ளங்கை ஈரமாயிடும். நிஜாருல தொடச்சிக்கினுதான் ஏறுவாரு, நீ பாத்ததில்லியா? கண்ண மூடுனா உழுந்துடுவோம்னு அவருக்கு. யாருகிட்டயும் சொல்லிடாத. அந்தோணிகிட்டகூட." சரி என்றேன். மறுநாள் பார்த்தேன். வலது கையை முதலில், பிறகு இடது கையை. அம்மா சொன்னது சரிதான். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஆபீசர் சொன்ன பதினைந்து நாளில் பத்து நாள் போயிருந்தது. படிகாரத்தை நிறுத்தியும் கண்ணின் சிவப்பு குறையவில்லை. அம்மா காடாம்புலியூருக்கு, வீட்டுக் கூரையை யாராவது பார்த்துவைக்கும்படி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட அன்று நான் ஒரு கடிதம் எழுதினேன். விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று அந்த வருஷம்தான் பாடம். இடப்பக்கம் ஓரம் விட்டு, ஐயா என்று தொடங்கி, என் தந்தை குடிப்பவர் அல்லர் என்று எழுதினேன். படிகாரம் போட்டுக் கழுவியது நான் என்று எழுதினேன். மூன்று நாள் கவனித்ததில் அவர் வண்டி ஓட்டுகையில் கண் இமைப்பதில்லை என்றும், இமைக்காத கண் காய்ந்து சிவக்கும் என்றும் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இமைக்காததற்குக் காரணம் சொல்லாவிட்டால் விளக்கம் முழுமையாகாது என்று எனக்குத் தோன்றியது. "அவருக்கு அந்த வாகனத்தின் மேல் மிகுந்த அச்சம் உண்டு. அதனால் கண்ணை மூடத் துணிவதில்லை" என்று எழுதி, கீழே தங்கள் உண்மையுள்ள என்று போட்டுக் கையெழுத்து இட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆபீசர் குடியிருந்த பிளாக்குக்கு நடந்து போனேன். அவர் வாசலில் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "நீயேவா எழுதின?" "ஆமாங்க." "யாரும் சொல்லிக் குடுத்தாங்களா?" "இல்லைங்க. பாத்துக் குறிச்சிருக்கேன்." நோட்டைக் காட்டினேன். அதையும் வாங்கிப் பார்த்தார். "எழுத்து நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, இளங்கோ. இந்தக் கதையில் கெட்டவர் யாருமே இல்லை என்பதுதான் எனக்கு நெடுநாள் தொந்தரவாக இருந்தது.

அடுத்த வாரம் அப்பாவின் தாள் மேலே போனது. பர்மனன்ட் ஆனது. அதே தாளில், வண்டி ஓட்டும் வேலையிலிருந்து அவரை எடுத்து லேபில் மாதிரி டப்பா கழுவும் வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஆபீசர் அதை நல்லெண்ணத்தில்தான் செய்தார். வராந்தாவில், எல்லோரும் நின்றிருந்த அதே இடத்தில், அன்பான குரலில் சொல்லியிருக்கிறார். "கோவிந்தன், பயமா இருக்குன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே. பொண்ணு லெட்டர் எழுதித்தான் எனக்குத் தெரியணுமா?" அந்தோணி மாமா இந்தத் தடவை யாரைப் போலவும் நடித்துக் காட்டவில்லை. என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்களா என்று அம்மா கேட்டதற்கு, "கொஞ்சம் பேருதான்க்கா" என்றார்.

அப்பா வந்து கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட்டார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். எதிர்பார்த்தது வரவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டை நகர்த்திவிட்டு, "பர்மனன்ட் ஆயிடுச்சி. குவார்ட்டர்ஸு வரும். ஒம் படிப்புக்கு ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு, "குடிகாரன்னாங்க. இல்லன்னு நான் காட்டியிருப்பேன். இன்னும் பத்து நாளு பாப்பாங்க, அப்பறம் உட்டுடுவாங்க. பயந்தவன்னு சொல்லிட்டா அதுக்கு என்னாத்தக் காட்றது?" என்றார். அதே குரலில், "அது என்னுதும்மா. நீ எடுத்துக் குடுத்துட்ட" என்றார். என் மேல் கோபமாக அவர் பேசியது வாழ்நாளில் அவ்வளவுதான். அதைக் கோபம் என்று சொல்ல முடியுமா என்றும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் நான் கொடுத்த வாக்கைப் பற்றி அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் வண்டியை ஷெட்டில் ஒப்படைக்க வேண்டும். அப்பா அதைத் துணியால் துடைத்தார், சக்கரத்தின் கம்பி கம்பியாகத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏறு, பள்ளிக்கூடத்துக்கு அப்பறம் போய்க்கலாம்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டார், வலது, பிறகு இடது. நான் ஏறிப் பழக்கத்தால் சாய்ந்து உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் முதல் கம்பம் வந்தது. உருண்டைக் கண்ணாடியில் அவர் கண் ஒரு தடவை மூடித் திறந்தது. தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது கம்பம். மூடித் திறந்தது. மூன்றாவது கம்பம். பள்ளிக்கூட முனையைத் தாண்டி, ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பி, ஷெட் வரைக்கும் எத்தனை கம்பமோ அத்தனை தடவை. மாடு குறுக்கே வரவில்லை. கம்பத்தில் மோதவில்லை. நான் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஷெட்டில் இறங்கிச் சாவியைக் கொடுத்தபோது வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் கோடு இல்லை. கண்ணின் சிவப்பு குறைந்திருந்தது. அழுதாரோ என்று நீ நினைப்பாய். அழவில்லை. எனக்கு வழி சரியாகத்தான் கிடைத்திருந்தது, கடிதத்தைத்தான் ஒரு கம்பம் முன்னால் நான் நிறுத்தியிருக்க வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு அவர் லேபுக்கு நடந்தார், நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். பிறகு அவர் மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை. நான் படித்தேன், வாத்தியார் வேலைக்குப் போனேன், அதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சித்தப்பா என்னைக் கேட்டபோது, கண் வறட்சி என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அதோடு நான் நின்றிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். ஏன் வறட்சி, எத்தனை மணி நேரம் ஓட்டுகிறாய், எப்படி ஓட்டுகிறாய் என்று விளக்கம் முழுமையாகும் வரைக்கும் போயிருப்பேன். உன் கண் உன்னுடையது, அதைப் பற்றி யாருக்கு எவ்வளவு சொல்வது என்பதும் உன்னுடையது. அவர்கள் உன்னைத் தப்பாக நினைத்தால் நீ மறுத்துக் காட்டலாம், அதற்கு நாள் இருக்கிறது. நான் சொல்லாமல் விட்டது உனக்கு அன்று குறையாகப் பட்டது நியாயம்தான். உனக்கு ஆதரவாக ஒரு சொல் வேண்டியிருந்தபோது நான் என் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு தப்பாக இருக்கலாம், எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. அந்தப் பெண் படித்தவளாக, நேராகப் பார்க்கிறவளாக இருக்கிறாள். அவளிடம் நீயே பேசு, சித்தப்பா மூலமாக வேண்டாம், என் மூலமாகவும் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். வண்டியில் ஏறும் முன் நீ உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்கிறாய். வலது, பிறகு இடது. வெயில் காலம், வியர்வையாகவே இருக்கலாம். நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். பார்த்தேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை, எந்த நோட்டிலும் குறிக்கவில்லை.

சொட்டு மருந்தை வண்டியின் இடது பக்கப் பையில் வைத்திருக்கிறேன், வெயில் படாமல் பார்த்துக்கொள். டீக்கடையில் நிறுத்தினால் டீ ஆறுகிற வரைக்கும் கண்ணை மூடி உட்கார். விருத்தாசலம் வரைக்கும் கம்பம் வரிசையாக வரும். அதற்குப் பிறகு கம்பம் இல்லாத இடத்தில் புளியமரத்தை வைத்துக்கொள்.

அம்மா